அன்றாட உடைச் சேர்க்கை

அன்றாட உடைச் சேர்க்கை என்பது, ஒருவர் தம்மிடம் ஏற்கனவே இருக்கும் உடைகளிலிருந்து அன்றைய வேலைக்கும் இடத்துக்கும் காலநிலைக்கும் ஏற்றவற்றைத் தெரிவு செய்து, ஒன்றோடொன்று பொருத்தி உடுத்தும் முறையாகும். புதிய உடை வாங்குவது இதில் அடங்காது. துவைத்தல், உலர்த்துதல், அளவு திருத்துதல், கிழிசல் தைத்தல், ஒருவரின் உடையை வீட்டில் மற்றொருவருக்கு மாற்றிக் கொடுத்தல் ஆகியன அடங்கும். பேச்சு வழக்கில் இதன் ஒரு பகுதி மட்டும் "மேட்சிங் பார்த்தல்" எனப்படுகின்றது. இக்கட்டுரை, தமிழ்நாட்டின் கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் காணப்படும் உடைகளையும் வழக்கங்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறையை விளக்குகின்றது. இவ்வட்டாரத்தில் நெசவூரும் கடற்கரைக் குப்பங்களும் பல்கலைக்கழக விடுதிகளும் பெருங்கோயிலும் ஒரு மணி நேரப் பேருந்துப் பயண எல்லைக்குள் அமைந்துள்ளன. ஆகவே ஒரே ஆள் ஒரே நாளில் மூன்று வகை உடை விதிகளுக்கு உட்பட நேர்வது இங்கு அரிதன்று.

உடையும் அதன் உறுப்புகளும்

உடை என்பது பெரும்பாலும் ஒற்றைத் துணி அன்று. பல உறுப்புகள் சேர்ந்த ஒரு தொகுதி. சேலை உடுத்துவதற்குச் சேலை, உள்பாவாடை, ரவிக்கை ஆகிய மூன்றும் உள்ளாடைகளும் வேண்டும். பாவாடை தாவணிக்கும் சுடிதாருக்கும் மூன்று உறுப்புகள் உண்டு. வேட்டிக்கும் காற்சட்டைக்கும் (பேன்ட்) மேற்சட்டை வேண்டும். கைலி வீட்டளவில் தனியாகவே போதும். வெளியே செல்லும்போது சட்டையோ துண்டோ சேரும். நைட்டி ஒன்றே முழு உடையாகும். கடைத்தெருவுக்குச் செல்லும் பெண்கள் நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வது தமிழ்நாடு முழுவதும் காணப்படும் காட்சி. நகர்ப்புறத்தவர் சிலர் இதனைக் கேலி செய்வதுண்டு. எனினும் சேர்க்கை என்ற கண்ணோட்டத்தில் பார்த்தால், வீட்டு உடையொன்றை ஒரே ஒரு துண்டின் துணையால் தெரு உடையாக மாற்றும் சிக்கனமான ஏற்பாடு இது.

இவ்வுறுப்புகளைத் தைக்காத துணி, தைத்த துணி என இரண்டாகப் பிரிப்பது பயனுள்ளது. சேலை, வேட்டி, துண்டு, தாவணி, துப்பட்டா ஆகியன தைக்காதவை. ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீளமுள்ள சேலை ஒல்லியானவருக்கும் பருத்தவருக்கும் பொருந்தும்; பாட்டி உடுத்தியதைப் பேத்தி உடுத்தலாம். நான்கு முழ வேட்டியும் எட்டு முழ வேட்டியும் அவ்வாறே. கைலி மூட்டியதாயினும் சுற்றளவு மிகுதியாக இருப்பதால் தைக்காத துணி போலவே நடந்துகொள்ளும். ரவிக்கை, காற்சட்டை, சட்டை, சுடிதாரின் மேலுடை ஆகியன தைத்தவை. இவற்றுக்கு அளவு உண்டு, ஆகவே காலாவதியும் உண்டு.

ஓர் உடையின் பயன்பாட்டை அதன் விலை உயர்ந்த உறுப்பு தீர்மானிப்பதில்லை. எளிதில் பழுதாகும் சிறிய உறுப்பே தீர்மானிக்கின்றது. ஐயாயிரம் ரூபாய்ச் சேலை பீரோவில் கிடப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இறுகிப்போன ரவிக்கையாகவோ, பொருந்தும் நிறத்தில் இல்லாத உள்பாவாடையாகவோ, அறுந்த கொக்கியாகவோ இருக்கும். "உடுத்த ஒன்றும் இல்லை" என்று நிறைந்த பீரோவின் முன் நின்று கூறுபவர் பொய் சொல்வதில்லை. அவரிடம் துணி உள்ளது, தொகுதிதான் இல்லை.

சேர்க்கைகளின் எண்ணிக்கை

எளிய பெருக்கல் கணக்கின்படி 5 சட்டைகளும் 3 காற்சட்டைகளும் உள்ளவரிடம் 15 சேர்க்கைகள் உள்ளன. மேலும் ஒரு சட்டை வாங்கினால் 18 ஆகும். மாறாக ஒரு காற்சட்டை வாங்கினால் 20 ஆகும். அதாவது, எண்ணிக்கையில் குறைவாக உள்ள உறுப்பைக் கூட்டுவதே மிகுந்த பயன் தரும். ஆனால் இக்கணக்கு எல்லாமும் எல்லாவற்றோடும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்கின்றது. கட்டம் போட்ட காற்சட்டை ஒன்று இருந்து, அது கோடு போட்ட 3 சட்டைகளோடு பொருந்தாவிட்டால் 15 என்பது 12 ஆகிவிடும்.

சுடிதாரில் இவ்வேறுபாடு இன்னும் கூடுதலாகத் தெரியும். மூன்று சுடிதார்களின் 3 மேலுடைகள், 3 கீழுடைகள், 3 துப்பட்டாக்கள் ஆகியவற்றைப் பெருக்கினால் 27 வரும். நடைமுறையில் கடையில் இணையாக வாங்கியவை இணையாகவே உடுத்தப்படுவதால் கிடைப்பது 3 மட்டுமே. கீழுடைகளும் துப்பட்டாக்களும் வெள்ளை, கறுப்பு, சந்தனம் போன்ற பொது நிறங்களில் இருந்தால் 27இல் பெரும்பகுதி உண்மையாகவே பயன்படும். லெக்கின்ஸ் பரவலானபோது கல்லூரி மாணவியரிடம் அது விரைவில் நிலைபெற்றதற்கு விலையோடு இதுவும் ஒரு காரணம் எனலாம்: ஒரு கறுப்பு லெக்கின்ஸ் பத்து மேலுடைகளுக்குத் துணையாகும்.

சேலைக்கும் இதே வழி உண்டு. ஒவ்வொரு சேலைக்கும் அதனுடன் வந்த துண்டிலேயே ரவிக்கை தைப்பவரிடம் 12 சேலைகளுக்கு 12 ரவிக்கைகள் இருக்கும், சேர்க்கைகளும் 12. கறுப்பு, அரக்கு, பொன்னிறம், பச்சை ஆகிய நான்கு நிறங்களில் தனி ரவிக்கைகள் நன்றாகத் தைத்து வைத்திருப்பவர், அவற்றைக் கொண்டே அந்தப் பன்னிரண்டையும் பெரும்பாலும் உடுத்திவிடலாம்; உடல் அளவு மாறினால் திருத்த வேண்டியதும் நான்கு மட்டுமே. ரூபியா, டூ பை டூ எனப்படும் ரவிக்கைத் துணிகளை நூற்றுக்கணக்கான நிறங்களில் அடுக்கி வைத்திருக்கும் "மேட்சிங் சென்டர்" கடைகள் கடலூரின் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் போன்ற கடைத்தெருக்கள் உள்ள பகுதிகளிலும் சிதம்பரத்தின் தேரோடும் வீதிகளை ஒட்டியும் காணப்படும் வகையைச் சேர்ந்தவை. சேலையை விட்டுவிட்டு அதன் ஓர் உறுப்பை மட்டும் விற்றே ஒரு வணிகம் நிலைத்து நிற்கின்றது என்பது அவ்வுறுப்பின் முதன்மையைக் காட்டும்.

மேலைநாடுகளில் இதனை ஒத்த கருத்து "கேப்சூல் வார்ட்ரோப்" எனப்படுகின்றது. 1970களில் இலண்டனில் துணிக்கடை நடத்திய சூசி ஃபோ என்பவர் இச்சொல்லைப் பரப்பினார். 1985இல் அமெரிக்க உடை வடிவமைப்பாளர் டோனா காரன், ஒன்றோடொன்று மாற்றி உடுத்தக்கூடிய ஏழு உறுப்புகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டார். 2010இல் கோர்ட்னி கார்வர் தொடங்கிய "புராஜெக்ட் 333", மூன்று மாதங்களுக்கு 33 உருப்படிகள் என்ற வரம்பை முன்வைத்தது. இவை குளிர்நாட்டு அலுவலக உடைகளை மனத்திற் கொண்டு எழுந்தவை. மேலங்கி, கம்பளிச் சட்டை முதலியன அவற்றின் மையம். ஒரு நாளைக்கு இரண்டு முறை வியர்வையில் நனையும் ஊருக்கு அவ்வெண்களை அப்படியே எடுத்துக்கொள்வது பொருந்தாது.

துவைத்தலும் உலர்தலும்

ஒருவரிடம் எத்தனை உடைகள் உள்ளன என்பதைக் காட்டிலும், இன்று காலை எத்தனை துவைத்து உலர்ந்த நிலையில் உள்ளன என்பதே தெரிவின் எல்லையை வகுக்கின்றது. ஒரு நாள் உடுத்தி அன்று மாலையே துவைக்கும் வீட்டில், துணி உலர ஒரு நாள் ஆகுமானால் குறைந்தது 2 தொகுதிகள் வேண்டும்: ஒன்று உடலில், ஒன்று கொடியில். உலர இரண்டு நாள் ஆகுமானால் 3 தொகுதிகள் வேண்டும்.

கடலூர் மாவட்டம் தன் ஆண்டு மழையின் பெரும்பகுதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெறுகின்றது. கோடையில் இரண்டு மணி நேரத்தில் உலரும் பருத்திச் சட்டை, கார்த்திகை அடைமழையில் இரண்டு நாளாகியும் ஈரம் போகாது. காற்றில் ஏற்கனவே ஈரப்பதம் நிறைந்திருப்பதால் துணியின் நீர் ஆவியாக இடமில்லை. ஆகவே, அதே பீரோ கோடையில் நிறைந்ததாகவும் ஐப்பசியில் குறைந்ததாகவும் தோன்றுகின்றது. ஜீன்ஸ் போன்ற கனத்த துணிகளில் இடுப்புப் பட்டையும் பைகளின் உட்புறமும் கடைசியாகவே உலரும். அரைகுறையாக உலர்ந்ததை மடித்து வைத்தால் நாற்றமும் பூஞ்சணப் புள்ளியும் வரும். இக்காலத்துக்குப் பாலியெஸ்டர் கலந்த துணிகளும் மெல்லிய நூல் சேலைகளும் ஏற்றவை. கோடையில் இது தலைகீழாகும். சித்திரை, வைகாசியில் கடற்கரை ஈரத்தோடு வெப்பமும் சேரும்போது, வியர்வையை உறிஞ்சும் பருத்தியே தாங்கும். பாலியெஸ்டர் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே உடைகளைப் பண்டிகைக்கு, அலுவலகத்துக்கு, வீட்டுக்கு எனப் பிரிப்பதோடு மழைக்கு, வெயிலுக்கு எனவும் பிரித்து அடுக்குவது இவ்வட்டாரத்துக்குப் பொருத்தமானது.

நிறம், கரை, கட்டம்

தமிழ் நெசவு மரபில் உடலும் கரையும் மாறுபட்ட நிறங்களில் அமைவது இயல்பு. மாம்பழ மஞ்சளுக்கு அரக்குக் கரை, கிளிப்பச்சைக்குக் கத்தரிப்பூக் கரை என்பன போன்ற இணைகள் தறியிலேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றன. ரவிக்கை கரையின் நிறத்தைப் பின்பற்றினால் பொருந்தும் என்பது பொது விதி. இதன் பயனாகவே கரை நிறங்கள் ஒத்திருக்கும் சேலைகள் ஒரே ரவிக்கையைப் பகிர்ந்துகொள்ள இயலுகின்றது. மயில் கழுத்து நிறம், வெங்காயத்தோல் நிறம் போன்ற இரு நிற இழைகள் ஊடாடும் துணிகளுக்கு, ஊடையின் நிறம், பாவின் நிறம் ஆகிய இரண்டில் எதனையும் ரவிக்கைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கட்டத்தோடு கட்டமும் பூவோடு பூவும் சேர்வது பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றது. இரண்டின் அளவும் வெகுவாக வேறுபட்டால் (பெரிய கட்டக் கைலி, நுண்ணிய கோட்டுச் சட்டை) கண்ணை உறுத்துவதில்லை. கடலூர் மாவட்டத்தின் குறிஞ்சிப்பாடி கைத்தறிக் கைலிகளுக்குப் பெயர் பெற்ற ஊராகும். கட்டம் போட்ட கைலிக்கு அதன் கோடுகளில் உள்ள ஏதேனும் ஒரு நிறத்தில் வெறுஞ்சட்டை அணிவது பொருத்தமானது. ஆனால் நாளெல்லாம் வேலை செய்பவர்கள் கைக்குக் கிடைத்ததையே அணிகின்றனர், அதனால் ஒன்றும் கெட்டுவிடுவதில்லை.

நிறம் கண்ணுக்கு மட்டும் உரியதன்று. அதற்குப் பொருளும் உண்டு. ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களின் கறுப்பு அல்லது நீல வேட்டி, மேல்மருவத்தூர் செல்வோரின் செவ்வாடை, மங்கல நிகழ்ச்சிகளில் கறுப்பைத் தவிர்க்கும் வழக்கம், கைம்பெண்களுக்கு வெள்ளைச் சேலை என்று இருந்து இப்போது பெரிதும் தளர்ந்துவிட்ட விதி ஆகியன இத்தகையவை. வேட்டியின் கரை கட்சியைக் காட்டக்கூடும்: கட்சிக்கரை வேட்டி ஒன்றை அன்பளிப்பாகப் பெற்ற நடுநிலையாளர் அதனை வீட்டுக்குள் மட்டுமே உடுத்த இயலும். விரதத்துக்கென வாங்கிய உடைகள் ஆண்டில் சில வாரங்களே பயன்படுவதால் ஒரு முறை உடுத்தும் செலவு அவற்றுக்கு மிகுதி. அவற்றை அடுத்த ஆண்டுக்கு எடுத்துவைப்பதும், அண்டை வீட்டில் மாலை போடுபவருக்குக் கொடுப்பதும் வழக்கில் உண்டு.

பொருத்தம் பார்க்க வேண்டிய தேவையையே நீக்கிவிடுவது வேறொரு வழி. மருதூரில் 1823இல் பிறந்து, 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவிய இராமலிங்க அடிகளார் (வள்ளலார்), தலை உட்பட உடல் முழுவதையும் மூடிய வெள்ளாடையே அணிந்தார். தைப்பூச நாளில் வடலூருக்கு வருவோரில் பலர் இன்றும் வெண்ணிற உடையில் வருகின்றனர். எல்லாம் வெள்ளையாக இருந்தால் எதனோடு எதுவும் சேரும். ஆனால் கறை நீக்குதல், நீலம் போடுதல் என்று துவைக்கும் வேலை பெருகும். அவ்வேலையைச் செய்பவர் யார் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டால், வெள்ளை எல்லா வீட்டுக்கும் எளிமையான நிறம் அன்று.

இடத்தின் விதிகள்

சிதம்பரம் நடராசர் கோயிலில் பூசை செய்யும் தீட்சிதர்கள் மேற்சட்டையின்றிப் பஞ்சகச்சமாக வேட்டி உடுத்துகின்றனர். கனகசபை மீது ஏறி வழிபடும் ஆண்கள் மேலாடையைக் களைய வேண்டும். எனவே கோயிலுக்குச் செல்லும் நாளில் ஆண்களுக்குச் சட்டையின் நிறத்தைக் காட்டிலும், அதனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வது எளிதா என்பதே முதன்மையாகும். நான்கு முழ வேட்டி ஒற்றை மடிப்பில் மெல்லியதாக இருக்கும். இரட்டையாக மடித்துக் கட்டும் எட்டு முழ வேட்டி, சட்டை இல்லாதபோதும் நிறைவான உடையாகத் தோன்றும்.

தமிழ்நாட்டுக் கோயில்களில் வழிபட வருவோருக்கு உடைக்கட்டுப்பாடு 2016 சனவரி முதல் நாள் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணையின் பேரில் நடைமுறைக்கு வந்து, அதே மாதத்தில் மேல்முறையீட்டில் நிறுத்தி வைக்கப்பட்டது. அதற்கு முன்பு, 2014இல், வேட்டி அணிந்து வந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குச் சென்னையில் உள்ள துடுப்பாட்டச் சங்க மன்றம் ஒன்றில் நுழைவு மறுக்கப்பட்டது. இதனைத் தொடர்ந்து, வேட்டி உள்ளிட்ட மரபுடை அணிந்தவரைப் பொது இடங்களில் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு அரசு அதே ஆண்டில் இயற்றியது. அரசு ஊழியர்களுக்கு 2019இல் வெளியான ஆணை, பெண்களுக்குச் சேலையோடு துப்பட்டாவுடன் கூடிய சுடிதாரையும், ஆண்களுக்குக் காற்சட்டையோடு வேட்டியையும் ஏற்றுக்கொண்டது. இத்தகைய ஆணைகளின் நடைமுறைப் பயன் சிறிதன்று. சேலை மட்டுமே என்ற விதி உள்ள இடத்தில் பணியாற்றுபவர் அலுவலகத்துக்கும் பயணத்துக்கும் வெவ்வேறு தொகுதிகளை வைத்துக்கொள்ள நேரும். சுடிதார் ஏற்கப்பட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

அண்ணாமலை நகரில் 1929இல் தொடங்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் விடுதி மாணவர் நிலை வேறு. ஒரு பெட்டியில் கொண்டுவந்ததே அவர்களின் பீரோ. வாரத்தில் ஒரு நாள் துவைப்பதால் அவர்களுக்கு ஏழெட்டு மேலுடைகள் தேவைப்படும். காற்சட்டையை இரண்டு, மூன்று நாட்கள் தொடர்ந்து அணிவதால் 3 போதும். அறைத்தோழர்களிடையே சட்டையை மாற்றிக்கொள்வது விடுதி வாழ்வின் பழைய வழக்கம். ஒரே அளவுள்ள மூவர் ஒரே அறையில் இருந்தால் ஒவ்வொருவரின் தெரிவும் மும்மடங்காகும், தகராறுகளும் அவ்வாறே.

வரலாற்றுக் குறிப்பு

இவ்வட்டாரம் துணியால் வளர்ந்தது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கிப் புனித டேவிட் கோட்டை எனப் பெயரிட்டது. கடலூர், பரங்கிப்பேட்டை ஆகிய துறைமுகங்களிலிருந்து ஐரோப்பியக் கம்பெனிகள் பருத்தித் துணிகளை ஏற்றுமதி செய்தன. 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காடு மாவட்டம் சென்னை மாகாணத்தில் அவுரி பெருமளவில் பயிரிடப்பட்ட பகுதிகளுள் ஒன்றாக இருந்தது. தைத்த ரவிக்கை பெரும்பாலான தமிழ்ப் பெண்களிடம் பொது உடையானது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டிலுமே ஆகும். அதாவது, அளவு பொருந்தாமை என்ற சிக்கல் உடைச் சேர்க்கைக்குள் பின்னர் நுழைந்த ஒன்று.

அளவு திருத்தம்

நல்ல தையற்காரர் ரவிக்கையின் பக்கத் தையலில் ஒன்றுக்கு இரண்டாக உள்தையல்கள் விட்டு, துணியைக் கூடுதலாக உள்ளே மடித்து வைப்பார். உடல் பெருத்தால் ஒரு தையலைப் பிரித்துவிடலாம். இளைத்தால் பிடித்துத் தைக்கலாம். புதிய ரவிக்கை தைப்பதோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. தைக்கக் கொடுக்கும்போதே "உள்ளே துணி விட்டுத் தைக்கவும்" என்று கூறுவது, பின்னாளில் ஒரு சேலையைக் காப்பாற்றும்.

குழந்தைகளின் பட்டுப்பாவாடையில் இடையில் "டக்" எனப்படும் மடிப்புகள் வைத்துத் தைத்து, ஆண்டுக்கு ஒன்றாகப் பிரித்து நீளமாக்குவதும் இதே அறிவுதான். பிரித்த இடத்தில் பழைய மடிப்பின் கோடு நிறம் மாறித் தெரியும். அதன் மேல் ஒரு சரிகைப் பட்டையை வைத்துத் தைத்தால் மறைந்துவிடும். பருத்தித் துணி முதற்சலவையில் சுருங்கும் என்பதால், ரவிக்கைத் துணியையும் உள் லைனிங்கையும் நனைத்து உலர்த்திய பின்னரே தைக்கக் கொடுக்க வேண்டும். லைனிங்கை நனைக்காமல் விட்டால், வெளித்துணி அப்படியே இருக்க உள்துணி மட்டும் சுருங்கி, ரவிக்கை முழுதும் சுருக்கம் விழுந்து பயனற்றுப் போகும். சாயம் போகும் துணியை முதல் சில சலவைகளுக்குத் தனியாகத் துவைக்க வேண்டும். ஒரு புதிய சிவப்புத் துண்டு ஒரு வாளி வெள்ளைச் சட்டைகளை இளஞ்சிவப்பாக்கிவிடும்.

பள்ளிச் சீருடை இவ்வகையில் தனிச் சிறப்புடையது. தமிழ்நாட்டில் சத்துணவு உண்ணும் 8ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு 2012-13 கல்வியாண்டு முதல் ஆண்டுக்கு 4 இணை விலையில்லாச் சீருடைகள் வழங்கப்பட்டன. ஓர் இணை மட்டும் உள்ள குழந்தை மழைக்காலத்தில் ஈரச் சீருடையோடு பள்ளிக்குச் செல்ல நேரும், அல்லது செல்லாமல் இருக்க நேரும். மேலே கூறிய உலர்தல் கணக்கை நினைவுகூர்ந்தால் நான்கு என்ற எண் ஆடம்பரம் அன்று என்பது விளங்கும்.

பேரிடரும் உடையும்

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர் மாவட்டக் கரையைத் தாக்கியது. தேவனாம்பட்டினம் உள்ளிட்ட மீனவக் குப்பங்களில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உயிர் பிழைத்தவர்களிடம் பெரும்பாலும் உடலில் இருந்த உடை மட்டுமே எஞ்சியது. அடுத்த நாட்களில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் லாரி லாரியாகப் பழைய துணிகள் வந்து சேர்ந்தன. ஆயினும் அவற்றில் மிகப் பெரும் பகுதி உடுத்தப்படவே இல்லை. நாகப்பட்டினம், கடலூர் கடற்கரைப் பகுதிகளில் சாலையோரங்களில் குவிந்து வெயிலிலும் மண்ணிலும் கிடந்து வீணாயிற்று.

இதனை நன்றியின்மை என்று அக்காலத்தில் சிலர் எண்ணினர். உடை என்பது தொகுதி என்ற கருத்தைக் கொண்டு நோக்கினால் உண்மை வேறாகத் தெரியும். நல்ல சேலை ஒன்று வந்தது. ஆனால் உள்பாவாடை வரவில்லை. ரவிக்கை வந்தது, அது வேறொருவரின் உடலுக்கு அளவெடுத்தது, அதன் சேலையோ வேறொரு மூட்டையில். உள்ளாடைகளை எவரும் அனுப்பவில்லை, அனுப்பியிருந்தாலும் பழையதை எவரும் அணிய இயலாது. கம்பளிச் சட்டைகளும் கோட்டுகளும் குளிரே இல்லாத கடற்கரைக்கு வந்தன. முகாமில் ஒரு பெண்ணின் முன் நூறு துணிகள் கொட்டப்பட்டாலும் அவற்றிலிருந்து ஒரு முழு உடையை அமைக்க இயலாமற் போகலாம். மறைவிடம் இல்லாத முகாமில், மாற்று உடை இல்லாமல் குளிப்பதும் மாதவிடாய் நாட்களைக் கடப்பதும் எத்தகைய துன்பம் என்பதைக் கூறத் தேவையில்லை. மேலும், மீனவக் குடும்பங்கள் தம் உழைப்பில் தமக்கென உடை வாங்கி உடுத்தியவர்கள். முன்பின் அறியாதவர் உடுத்திக் கழித்ததை, சில வேளைகளில் துவைக்காமலும் கிழிந்தும் வந்ததை, உடுத்த மறுப்பதற்கு அவர்களுக்கு எல்லா உரிமையும் இருந்தது.

1999இல் தில்லியில் தொடங்கப்பட்ட கூஞ்ச் என்ற தன்னார்வ அமைப்பு, தமிழ்நாட்டில் இவ்வாறு தேங்கிய துணிகளை எடுத்துப் பிரித்து வேறு பயன்களுக்கு மாற்றும் பணியில் ஈடுபட்டது. பருத்தித் துணிகளிலிருந்து மாதவிடாய்க்கால அணையாடைகள் தயாரித்து வழங்குவது அவ்வமைப்பின் அறியப்பட்ட பணிகளுள் ஒன்றாகும்.

பேரிடர் உதவிக்கான பன்னாட்டு வரையறையான ஸ்பியர் கையேடு (2018 பதிப்பு), பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சரியான அளவிலும், அவர்தம் பண்பாட்டுக்கும் பருவத்துக்கும் காலநிலைக்கும் ஏற்றதாகவும் குறைந்தது இரண்டு முழுத் தொகுதி உடைகள் வேண்டும் என்கிறது. "ஒன்று உடலில், ஒன்று கொடியில்" என்ற கணக்கே இங்கும் வருகின்றது. முழுத் தொகுதி என்ற சொல்லே இதில் கவனிக்கத்தக்கது.

கடலூர் மாவட்டம் 2011 டிசம்பர் 30இல் தானே புயலையும், 2015 நவம்பரில் பெருவெள்ளத்தையும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை ஒட்டிய வெள்ளத்தையும் கண்டது. எல்லாம் மழைக்காலத்தில், அதாவது துணி உலராத காலத்திலேயே நிகழ்ந்தன. எனவே இங்கு உடை கொடுக்க முன்வருபவர் அளவு பாராத, ஒன்றே முழு உடையாகும் பொருள்களை முதலில் கருதுவது நன்று: புதிய கைலி, நைட்டி, துண்டு, போர்வை, பல அளவுகளில் புதிய உள்ளாடைகள். சேலை கொடுப்பதாயின் நாடா கோத்த உள்பாவாடையும் ரவிக்கைத் துணியும் சேர்த்துக் கொடுத்து, தைப்பதற்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். பழைய உடை கொடுப்பதாயின் துவைத்து, கொக்கியும் பொத்தானும் சரிபார்த்து, ஒரு தொகுதியின் உறுப்புகளை ஒன்றாகக் கட்டி, அளவை எழுதிக் கொடுக்கலாம். சுடிதாரின் மேலுடையும் கீழுடையும் வெவ்வேறு மூட்டையில் போய்விட்டால் இரண்டும் வீணே.

புயல் எச்சரிக்கை வந்தவுடன் ஆவணங்களோடு ஆளுக்கு இரண்டு முழுத் தொகுதி உடைகளைப் பாலித்தீன் பையில் கட்டி உயரமான இடத்தில் வைப்பது கரையோரக் குடும்பங்களுக்கு உகந்தது. இதற்கு நல்ல உடைகளை விட, உறுதியாக அளவு பொருந்தும் உடைகளே தகுந்தவை.

பழைய உடையின் பயன்

உடுத்த இயலாத நிலையை அடைந்த துணியும் உடனே கழிவதில்லை. பழைய பட்டுச்சேலை மகளின் பாவாடையாகவும், நூல் சேலை தாவணியாகவும், பின்னர்த் தூளியாகவும், மெத்தை விரிப்பாகவும் மாறும். பழைய வேட்டி பிறந்த குழந்தைக்கு முதல் துணியாகும், ஏனெனில் பலமுறை துவைத்த பருத்திக்கு இணையான மென்மை புதுத்துணிக்கு வராது. சட்டையை எறியும் முன் பொத்தான்களை அறுத்து எடுத்து வைப்பது பழைய தலைமுறையின் பழக்கம். அடுத்த சட்டையில் ஒன்று உதிரும்போது அது பயன்படும்.

பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கும் தெரு வணிகர்களும், சரிகைக்காகப் பழைய பட்டுச்சேலை வாங்குபவர்களும் தமிழ்நாட்டு ஊர்களில் நெடுங்காலமாக இயங்கி வருகின்றனர். வெள்ளிச் சரிகை உள்ள சேலைக்கே இவர்களிடம் மதிப்பு. போலிச் சரிகைச் சேலையைக் கண்டவுடன் ஒதுக்கிவிடுவர். போகியன்று பழைய துணிகளை எரிக்கும் வழக்கம் பருத்தி மட்டுமே இருந்த காலத்தில் தோன்றியது. பாலியெஸ்டரும் நைலானும் எரியும்போது நச்சுப்புகை வருவதால் அவற்றை எரிக்கலாகாது. பாத்திர வணிகரும் ஏற்காத செயற்கை இழைத் துணிகளைக் கால்மிதியாகவோ, பை தைக்கவோ, சைக்கிள் துடைக்கவோ பயன்படுத்தலாம். இவை நீரை நன்கு உறிஞ்சாததால் அடுப்படித் துணியாகப் பயன்படா. சூடான பாத்திரம் பட்டால் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.